ஸ்பானியத் திருமறையும் சொல்தேர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்குபவர் முதற்பாடங்களிலேயே சில இரட்டைகளைச் சந்திக்கிறார். 'இரு' என்னும் பொருளில் அம்மொழியில் வினை ஒன்றல்ல, இரண்டு: செர், எஸ்தார். 'பொருட்டு' என்று நாம் சொல்லுமிடத்தில் போர், பாரா என்னும் இரண்டு உருபுகள் போட்டியிடுகின்றன. முன்னிலையில் நிற்பவரை விளிக்கவோ து, வோஸ், உஸ்தேத் என மூன்று சொற்கள். இலக்கண நூல் ஒவ்வொன்றுக்கும் விதி கூறுகிறது. மாணவரும் மனனம் செய்கிறார். ஆயினும், அவர் ஒரு பழைய ஸ்பானியத் திருமறையைக் கையிலெடுத்து யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தைப் படித்தால், விதிப்படி எஸ்தார் வரவேண்டிய இடத்தில் செர் நிற்பதைக் கண்டு திகைப்பார். நூல் பிழையா, விதி பிழையா?

இரண்டும் பிழையல்ல. இரண்டு சொற்களும் இலக்கணத்திற்கு உடன்பாடாயிருக்கையில் எதைத் தேர்வது என்பதை விதி மட்டும் தீர்ப்பதில்லை. அச்சொற்களைப் பேசிய மக்களின் வரலாறும் சேர்ந்தே தீர்க்கிறது. ஸ்பானியத் திருமறையின் வரலாறு இதனை வேறெந்த நூலினும் தெளிவாகக் காட்டுகிறது என்பது நம் கருத்து. அங்கே ஒரு சொல்லைத் தேர்ந்ததற்காகச் சிறை சென்றவரும், நாடு துறந்தவரும் உண்டு.

வரலாற்றை 1492ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருந்தும். அவ்வாண்டில்தான் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் கஸ்தீலிய மொழியின் இலக்கணத்தைச் சலமான்கா நகரில் அச்சிட்டு இசபெல் அரசிக்குக் காணிக்கையாக்கினார். அக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் இலத்தீன் இலக்கணமே. தாய்ப்பாலோடு வரும் மொழிக்கு இலக்கணம் எதற்கு என்று பலரும் எண்ணினர். நெப்ரிஹா தம் முன்னுரையில், மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே நடந்து வந்திருக்கிறது என்று காட்டுகிறார். அரசியின் ஆளுகைக்குட்படும் அந்நிய மக்கள் அவருடைய சட்டங்களை விளங்கிக்கொள்ள இந்நூல் உதவும் என்கிறார். இக்கூற்றைப் பிற்காலத்தார் அடிக்கடி எடுத்தாளுகின்றனர். ஆனால் அந்நூலின் ஐந்தாம் பகுதியை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. எழுத்து, அசை, சொல், தொடர் ஆகியவற்றை முதல் நான்கு பகுதிகளில் முடித்துவிட்டு, கஸ்தீலியத்தைப் பிறமொழியாகக் கற்க விழைவோருக்கென்றே அவர் ஐந்தாம் பகுதியை ஒதுக்கினார். அயலாரை எண்ணி எழுதப்பட்ட அந்த ஏடுகளே நமக்கு முக்கியமானவை.

இவ்வளவு புகழ்பெற்ற நூல் அக்காலத்தில் விற்பனையாகவில்லை போலும். பதினெட்டாம் நூற்றாண்டு வரை அது மறுபதிப்புக் காணவில்லை. நெப்ரிஹாவுக்குப் பேரும் பொருளும் தந்தது 1481இல் வெளிவந்த அவருடைய இலத்தீன் பாடநூலே. அவர் அதே இலக்கணக் கண்ணோடு திருமறையின் இலத்தீன் பாடத்தையும் ஆராயப் புகுந்தபோது, விசாரணைத் தலைவர் தியேகோ தெ தேசா அவருடைய ஏடுகளைப் பறிமுதல் செய்தார். அரசிக்குக் காணிக்கையாகும்வரை இலக்கணம் பாதுகாப்பானது. மறைநூலைத் தொட்டவுடன் அது சந்தேகத்துக்குரியதாயிற்று.

நெப்ரிஹாவுக்கு மறுமொழி கூறியவர் ஹுவான் தெ வால்தேஸ். 1529இல் கிறிஸ்தவக் கோட்பாட்டைப் பற்றி ஓர் உரையாடல் நூலை வெளியிட்டு, அதனால் விசாரணைக்கு உள்ளாகி, இத்தாலிக்குச் சென்று நேப்பிள்ஸ் நகரில் தங்கியவர் இவர். அங்கே 1535ஆம் ஆண்டையொட்டி 'மொழியைப் பற்றிய உரையாடல்' என்னும் நூலை எழுதினார். ஸ்பானியம் கற்க விரும்பும் இத்தாலிய நண்பர்கள் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கின்றனர், அவர் விடையளிக்கிறார். நெப்ரிஹாவின் விதிகளை எடுத்துக்காட்டினால், அவர் ஆண்டலூசியாக்காரர், அங்கே மொழி அவ்வளவு தூய்மையாக இல்லை என்று தட்டிக்கழிக்கிறார். இத்தீர்ப்பில் நியாயத்தைவிட ஊர்ப்பெருமையே மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நெப்ரிஹாவின் விதிகளுக்குப் பதிலாக அவர் முன்வைத்த அளவுகோல் சிறந்தது. அவர் சான்றாகக் காட்டுவது பழமொழிகளை. அவை புலவர் ஏட்டில் பிறக்கவில்லை. நெருப்பண்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவிகளின் வாயில் பிறந்தவை. தம் எழுத்து நடையைப் பற்றிக் கேட்டபோதும், தாம் பேசுவதுபோலவே எழுதுவதாகவும், கருதியதை நன்கு உணர்த்தும் சொல்லைத் தேடுவதில் மட்டுமே கவனம் செலுத்துவதாகவும் கூறுகிறார்.

அந்நூலில் ஓரிடம் நமக்கு மிகவும் பிடித்தது. 'ஏனெனில்' என்னும் பொருளில் பழைய கஸ்தீலியத்தில் 'கா' என்றொரு சிறு சொல் இருந்தது. அது வழக்கொழிந்ததைக் காலம் அச்சொல்லுக்கு இழைத்த தீங்கு என்கிறார் வால்தேஸ். நியாயமின்றித் தள்ளப்பட்டது என்று வருந்துகிறார். வருந்திய பிறகு, தம் காலத்தார் பேசும் சொல்லையே தாமும் பேசுகிறார். ஒரு சொல்லை விரும்புவது வேறு, அதனை வழங்குவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வுரையாடல் 1737 வரை அச்சேறவில்லை. வால்தேஸ் 1541இல் நேப்பிள்ஸில் இறந்தார். அதற்குள் சங்கீதங்களை எபிரேயத்திலிருந்தும், உரோமர், முதலாம் கொரிந்தியர் நிருபங்களைக் கிரேக்கத்திலிருந்தும் தாய்மொழியில் ஆக்கியிருந்தார். நிருபங்களின் விளக்கவுரைகள் 1556, 1557ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் அச்சாயின.

சொல்தேர்வு உயிரோடு விளையாடும் செயலானதைப் பிரான்சிஸ்கோ தெ என்சினாஸ் வரலாற்றில் காண்கிறோம். இவர் விட்டன்பர்க்கில் மெலாங்தனிடம் பயின்றவர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஸ்பானியத்தில் பெயர்த்து 1543இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்டார். நூலின் பெயர்ப்பக்கத்திலேயே இடர் தொடங்கிற்று. 'புதிய ஏற்பாடு' என்பதோடு 'அல்லது புதிய உடன்படிக்கை' என்று சேர்த்திருந்தார். 'உடன்படிக்கை' என்பதற்கான அலியான்சா என்னும் சொல் லுத்தர் சார்பினரின் சொல்லாக ஒலிக்கிறது என்று சிலர் எச்சரித்தனர்; நீக்கினார். 'நம் ஒரே மீட்பர்' என்றிருந்ததில் 'ஒரே' என்னும் அடையும் ஐயத்துக்கிடமானது என்றனர், அதையும் நீக்கினார். கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதை மறுப்பவர் எவரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கமாட்டார். கோட்பாடு சரி, சொல் சரியில்லை! யார் அச்சொல்லை அழுத்திச் சொல்கிறார்கள் என்பதே அங்கு வினாவாயிற்று. அவர் நூலைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நேரில் அளித்தார். பேரரசரின் ஒப்புரவுக் குரு பேத்ரோ தெ சோதோவின் முயற்சியால் அவ்வாண்டு டிசம்பரில் சிறைப்பட்டார். 1545 பிப்ரவரியில் சிறையினின்று தப்பினார்.

பத்தாண்டுகளுக்குப் பின் 1553இல் இத்தாலியின் பெராரா நகரில், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் தம் மறைநூலை ஸ்பானியத்தில் அச்சிட்டனர். எபிரேயச் சொல்லுக்குச் சொல் நேராக வைக்கும் முறை அது. எபிரேயத் தொடரமைப்பின் மேல் ஸ்பானியச் சொற்களைப் போர்த்தியதுபோல் இருக்கும். கடவுளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான தியோஸ் என்பதன் ஈற்றிலுள்ள சகர ஒலி பன்மைபோல் காதில் படுவதால், 'எல் தியோ' என்றே எழுதினர். ஒரே ஓர் எழுத்தில் ஓரிறைக் கொள்கையைக் காத்த அம்மக்களை நாம் வணங்கத்தான் வேண்டும்.

அந்நூலை வியந்து பயன்படுத்தியவர் காசியோதோரோ தெ ரெய்னா. செவில் நகருக்கருகில் சான் இசிதோரோ தெல் காம்போ மடத்தில் துறவியாயிருந்தவர். 1557இல் உடன் துறவியர் சிலரோடு தப்பி ஜெனீவா சென்றார். 1562இல் செவிலில் அவருடைய உருவ பொம்மை எரிக்கப்பட்டது. லண்டன், ஆண்ட்வெர்ப், பிராங்க்பர்ட் என்று அலைந்து, பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனாக 1569இல் பாசல் நகரில் முழுத் திருமறையை 2,600 படிகள் அச்சிட்டார். தேன் உண்ணும் கரடியின் படம் முகப்பில் இருந்ததால் 'கரடித் திருமறை' என்றே பெயர் பெற்றது. அதே மடத்திலிருந்து தப்பிய சிப்ரியானோ தெ வலேரா இருபதாண்டு செலவிட்டு அதனைத் திருத்தி 1602இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். ரெய்னா-வலேரா என்று ஸ்பானியத் திருச்சபைகள் இன்றும் போற்றும் திருமறை இதுவே.

ரெய்னா தம் முன்னுரையில் சொற்களைப் பற்றி வாசகரிடம் கணக்கு ஒப்புவிக்கிறார். மூலத்தில் இல்லாத சொல்லைப் பொருள் தெளிவுக்காகச் சேர்த்த இடங்களில் வேறு வகை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார். ஊர்வனவற்றைக் குறிக்க 'ரெப்தில்' என்னும் சொல்லை ஸ்பானியத்தில் புகுத்தியதற்கும் விளக்கம் தருகிறார். அன்று ஸ்பானியர் காதுக்கு அந்நியமாயிருந்த அச்சொல்லை இன்று பள்ளிச் சிறுவர் உயிரியல் பாடத்தில் எழுதுகின்றனர். தாய்நாட்டின் தெருவோசையைக் கேட்க இயலாத தொலைவில், நினைவிலிருந்த மொழியைக்கொண்டு எழுதியவர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி யோவான் முதல் வசனத்துக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் 'ஈன்' என்னும் ஒரே வினை மும்முறை வருகிறது: ஆதியில் லோகொஸ் இருந்தமை, அவர் கடவுளிடத்தில் இருந்தமை, அவர் கடவுளாய் இருந்தமை. கிரேக்கருக்கு ஒரு வினை போதும். ஸ்பானியருக்கு இன்று போதாது. இன்னது, இன்னார் என்று இயல்பைச் சொல்வது செர். இவ்விடத்தில், இந்நிலையில் என்று சொல்வது எஸ்தார். ஆகவே முதலாவதற்கும் மூன்றாவதற்கும் செர், இரண்டாவதற்கு எஸ்தார் என்று இன்றைய ஆசிரியர் விடை கூறுவார். 1569இன் ரெய்னாவிலும், 1909, 1960ஆம் ஆண்டுத் திருத்தங்களிலும் மூன்று இடத்திலும் செர்தான் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இரண்டாமிடம் எஸ்தார் வினைக்குக் கிடைத்தது.

காரணம் இச்சொற்களின் பிறப்பில் உள்ளது. எஸ்தார் என்பது 'நில்' என்னும் இலத்தீன் வினையின் வழித்தோன்றல். செர் என்பதோ இலத்தீனில் 'இரு' என்ற பொதுவினையும் 'உட்கார்' என்னும் வினையும் கலந்து உருவானது. ஆக, ஸ்பானியரின் இருப்பு உட்கார்ந்தும் நின்றும் வந்திருக்கிறது. தமிழருக்கு இதில் வியப்பில்லை. நம் 'இரு' என்பதும் உட்காருதலைக் குறிக்கும், 'இருக்கை' என்னும் சொல்லே சான்று. பழைய ஸ்பானியத்தில் இடப்பொருளுக்கும் செர் வழங்கிற்று. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல எஸ்தார் அதன் நிலத்தைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றியது. திருத்தியவர்கள் பழைய செர் வினையை நானூறாண்டு காத்ததற்கு வழிபாட்டுப் பழக்கம் ஒரு காரணம் எனலாம். கிரேக்கத்தின் மும்முறை ஒலியும் அதனால் காதில் தங்கிற்று. மாணவர் இதனைப் பிழையென்று திருத்தலாகாது. அதேபோல், இதனைக் கண்டு கடைத்தெருவில் பேசவும் கூடாது.

அதே இரண்டாம் தொடரில் ரெய்னா 'அசெர்கா தெ' என்று எழுதினார். அன்று அதற்கு 'அருகில்' என்பது பொருள். இன்று 'குறித்து, பற்றி' என்பதே பொருள். வார்த்தை கடவுளுக்கு அருகில் இருந்தது என்று அவர் எழுதியதை, இன்றைய இளைஞர் 'வார்த்தை கடவுளைப் பற்றியதாக இருந்தது' என்று வாசிப்பார்! ஓரெழுத்தும் மாறவில்லை, பொருள் மட்டும் இடம் பெயர்ந்துவிட்டது. பின்வந்தோர் அதனை மாற்றியது மிகச் சரி.

லோகொஸ் என்பதற்கான பெயர்ச்சொல்லும் மாறிற்று. ரெய்னா இட்டது பாலாப்ரா, அதாவது அன்றாடப் பேச்சிலுள்ள 'சொல்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தங்களுக்குப் பின் நிலைத்தது வெர்போ. இலத்தீன் திருமறையின் சொல்லை ஒட்டியது. பாலாப்ரா பெண்பால், எனவே அதனைத் தொடரும் சுட்டுப்பெயர்களும் பெண்பாலாகவே வரவேண்டும். கிறிஸ்துவைச் சுட்டும் இடத்தில் 'அவள்' என்பதற்குரிய வடிவம் கேட்கிறது. வெர்போ ஆண்பால், அவ்விடர் இல்லை. ஆனால் வேறோர் இடர் உண்டு. பள்ளியில் படித்த ஸ்பானியருக்கு வெர்போ என்றால் இலக்கணத்தில் வரும் வினைச்சொல்! எளிய சொல்லை விட்டுப் பால் இசைவை வாங்கினர் என்று கூறலாம். நம் தமிழ்த் திருமறை அஃறிணையான 'வார்த்தை' என்பதை முதல் வசனத்தில் வைத்துவிட்டு, அடுத்த வசனத்தில் 'அவர்' என்று உயர்திணைக்குத் துணிந்து தாவுகிறது. ஸ்பானிய இலக்கணம் அத்தாவலுக்கு எளிதில் இடந்தராது. இரண்டில் ஒன்றைத் தேரச் சொன்னால், ரெய்னாவின் பாலாப்ராவையே நாம் தேர்வோம். கடவுள் பேசுகிறார் என்பது அதில்தான் கேட்கிறது.

தமிழ் மாணவருக்கு எளிதாகக் கைவரும் இடங்களும் உண்டு. நாம் 'மரம் வெட்டினான்' என்று ஐ உருபை மறைக்கலாம்; 'மகனைக் கண்டான்' என்பதில் மறைத்தால் பொருள் கெடும். ஸ்பானியரும் இவ்வாறே, செயப்படுபொருள் ஆளாயின் அதன் முன் 'அ' என்னும் உருபை இடுவர்; பொருளாயின் பெரும்பாலும் விடுவர். ஆங்கிலேயர் தடுமாறும் இவ்விதியை நம்மவர் ஒரே நாளில் கற்றுவிடலாம். யோவான் 3:16இல் கடவுள் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்னுமிடத்தில், 'உலகம்' என்னும் சொல்லுக்கு அந்த உருபு அன்றும் இன்றும் இடப்படுகிறது. உலகம் அங்கே மண்ணாக அன்றி மக்களாக நிற்பதற்கு இது இசைவானதே. போர், பாரா என்னும் இரட்டையையும் கொலோசெயர் 1:16இல் அருகருகே காணலாம்: கிறிஸ்துவைக்கொண்டு என்பதற்குப் போர், அவருக்கென்று என்பதற்குப் பாரா. ஒன்று வழியையும் காரணத்தையும் சுட்டும். மற்றது நோக்கத்தையும் சேருமிடத்தையும் சுட்டும்.

பொருள் பெயர்ந்த சொற்களே திருத்தியவர்க்குப் பெருந்தொல்லை தந்தன. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 1909ஆம் ஆண்டுத் திருமறைவரை, 'படைத்தார்' என்பதற்குக் கிரியார் என்னும் வினை நின்றது. கிரியார் இன்று பிள்ளை வளர்த்தலையும் ஆடுமாடு வளர்த்தலையும் குறிக்கிறது. 1960இல் கிரெயார் வந்தது. இரண்டும் ஒரே இலத்தீன் வேரின் பிள்ளைகளே. உரோமர் 1:16இல் 'இரட்சிப்பு' என்னுமிடத்தில் 1909இல் இருந்தது சலூத். இன்று அது உடல்நலம்; ஒருவர் தும்மினால் அருகிலிருப்பவர் வாழ்த்தாகச் சொல்லும் சொல்! 1960இல் சால்வாசியோன் என்று திருத்தினர். இதில் ஓர் இழப்பும் உண்டு. உடல் நலமடைவதையும் ஆன்மா மீட்படைவதையும் ஒரே சொல்லில் பிணைத்தது பழைய சலூத். நற்செய்தி நூல்களின் கிரேக்க வினையும் அவ்வாறே இரண்டையும் பிணைக்கிறது. வால்தேஸ் 'கா'வுக்காக வருந்தியதுபோல் நாமும் வருந்தலாம், திருத்தியது சரியே.

முதலாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தில் 1909 வரை நின்ற காரிதாத் என்னும் சொல்லைப் பற்றி ஐயமே இல்லை. அச்சொல் மக்கள் வழக்கில் ஏழைக்கு இடும் பிச்சையாகச் சுருங்கிவிட்டது. அவ்வதிகாரத்தின் மூன்றாம் வசனமோ, உடைமையெல்லாம் ஏழைக்குக் கொடுத்தாலும் அகாப்பே இல்லாவிடில் பயனில்லை என்கிறது. தருமம் செய்தாலும் தருமம் இல்லாவிடில் பயனில்லை என்று கேட்போர் காதில் விழுந்தால் பவுலின் வாதமே நிலைகுலையும். 1960இல் அமோர், அதாவது 'அன்பு', அவ்விடத்தைப் பெற்றது.

இவ்வளவு திருத்திய 1960ஆம் ஆண்டுக் குழுவினர், முன்னிலைப் பெயர்களைத் தொடவில்லை. பலரை விளிக்க வொசோத்ரோஸ் என்பதையே நிறுத்தினர். இலத்தீன் அமெரிக்காவில் அன்றாடப் பேச்சில் அச்சொல் இல்லை. பலரையும் உஸ்தேதெஸ் என்றே அழைப்பர். 'தங்கள் தயவு' என்னும் மரியாதைத் தொடர் தேய்ந்து பதினேழாம் நூற்றாண்டில் உஸ்தேத் ஆயிற்று. ஆதலால் ரெய்னாவின் ஏட்டில் அதற்கு இடமில்லை. 1979இல் முழுமையாக வெளிவந்த எளியநடைத் திருமறையும், 1999இன் புதிய மொழிபெயர்ப்பும் உஸ்தேதெஸ் என்பதை ஏற்றன. ஆயினும் மெக்சிகோவிலும் பெருவிலும் எண்ணற்ற சபையார் 1960ஆம் ஆண்டுத் திருமறையை விடவில்லை. வொசோத்ரோஸ் அவர்களுக்கு வீட்டுச் சொல்லன்று, ஆலயச் சொல். இது பொருளைக் கெடுப்பதில்லை. பழமை மணம் மட்டுமே தருகிறது. இத்தகைய சொல்லை வலிந்து மாற்ற வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். இளையோர் இதற்கு உடன்படாமல் போகலாம்.

வோஸ் என்னும் சொல்லின் கதை இன்னும் விந்தையானது. ரெய்னாவின் காலத்துக்கு முன்பு அது ஒருவரை மரியாதையாக விளிக்கும் சொல்; நம் 'நீர்' போன்றது. உஸ்தேத் வந்ததும் மரியாதை அதனிடம் சென்றுவிட, வோஸ் தாழ்ந்து, இன்று அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தாயும் பிள்ளையும் நண்பரும் தம்முள் வழங்கும் 'நீ' ஆகிவிட்டது. அந்நாட்டார் கையிலுள்ள ரெய்னா-வலேராவோ கடவுளைத் து என்றே அழைக்கிறது. து என்பதும் 'நீ'தான். ஆனால் அவர்கள் வீட்டில் வழங்காத 'நீ'. தந்தையை வோஸ் என்றும், போதகரை உஸ்தேத் என்றும் விளிக்கும் பிள்ளை, திருமறையைத் திறந்து சங்கீதத்தை வாசிக்கையில் து என்கிறது. அந்நாடுகளுக்குச் சென்று அம்மொழியைக் கற்க முற்படும் நம் இறையியல் மாணவர், இம்மூன்றையும் ஒரே வீட்டில், ஒரே மாலைப்பொழுதில் கேட்பார்.